கொசு வம்சத்துக்குப் பெண் பார்த்தவள்

சிங்கப்பூரில் வீட்டுக்குள் கொசு வளரவிட்டால் குற்றம். பூச்சாடித் தட்டில் நாலு புழு நெளிந்தால் போதும், அதிகாரி வந்து அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அதே சிங்கப்பூரில் அல்போன்சம்மாள் என்ற ஒருத்திக்கு மாதச் சம்பளமே கொசு வளர்ப்பதற்குத்தான். கூத்தைப் பாருங்கள்.

அவள் வேலை பார்த்த அறை ஓர் ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி எப்போதும் ஒரு வெதுவெதுப்பு, மங்கலாக ஒரு விளக்கு, வரிசையாக வலைத்துணிக் கூண்டுகள். காலையில் வந்ததும் வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கூண்டுக்குள் இடது கையை விடுவாள். ஆண் கொசு கடிக்காது, அதற்குச் சர்க்கரைத் தண்ணீரே போதும். முட்டையிட வேண்டிய பெண் கொசுவுக்குத்தான் ரத்தம் வேண்டும். சுண்டெலியை வைத்துப் பார்த்தார்கள், இந்தக் கூண்டுக்காரிகள் அதைச் சீந்தவே இல்லை. அல்போன்சம்மாளின் கைதான் வேண்டுமாம். ருசி கண்டவர்களை என்ன செய்ய முடியும்?

கொசுக்கள் குடித்து முடிக்கிற வரை அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரம் அவளுக்குச் சொப்பனம் மாதிரி இருக்கும். அறை முழுக்க ஒரே ரீங்காரம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எங்கோ போய்விடுவாள். அங்கே ஒரு சாயங்காலம் இருக்கும். தேக்காவிலும் குவீன்ஸ்டவுனிலும் பிடோக்கிலும் எல்லா ஜன்னல்களும் ஒரே நேரத்தில் திறக்கும். கொசுவர்த்திப் புகை இருக்காது. பிள்ளைகள் வெற்றுடம்போடு தூங்கும். டெங்கிக் காய்ச்சல் என்றால் என்ன என்று ஒருத்தருக்கும் தெரியாது. கொசுக்கள் போயிருக்கும், யாரும் மருந்தடித்துக் கொல்லாமலே. பெண் பிறக்காமல், ஆண்கள் மட்டுமே பிறந்து, தலைமுறை தலைமுறையாகக் குறைந்து, கடைசியில் காற்றோடு காற்றாகப் போயிருக்கும். அந்தச் சாயங்காலத்துக்குள் அவள் மட்டும் நடந்துகொண்டிருப்பாள்.

இதை வெறும் பகற்கனவு என்று சொல்கிறவர் வாயிலேயே போட வேண்டும். அந்த மாதிரி ஒரு கொசு வம்சத்தை அவள் நிஜமாகவே கண்டுபிடித்திருந்தாள்.

அது எழுபத்திரண்டாம் வருஷம். கொசுப் புழு பிடிப்பதற்காகக் கரண்டியும் பாட்டிலுமாகத் தேக்காப் பக்கம் அடிக்கடி போவாள். அங்கேதான் வந்தது வினை. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் தெருவே அவளை அபராதம் போடுகிற அதிகாரி என்று நினைத்துக்கொள்ளும். “மிஸ் வர்றாங்க, தண்ணிய ஊத்துங்க லா” என்று ஒருவர் குரல் கொடுப்பார். அந்தக் கோடி வரைக்கும் வாளி, குடம், தொட்டி எல்லாம் சாக்கடையில் கவிழும். “ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க” என்று இவள் பின்னாலேயே ஓடுவாள். நல்ல கொசுவெல்லாம் கண் முன்னால் சாக்கடையோடு போகும்.

அன்றைக்குப் பஃபலோ ரோட்டில் பூக்கட்டுகிற மாணிக்கம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். கடைக்குப் பின்னால் அவர் வாழைநார் ஊறப்போட்டிருந்த வாளி ஒன்றுதான் அந்தத் தெருவில் தப்பித்தது. அல்போன்சம்மாள் குனிந்து புழுக்களை மொண்டுகொண்டிருக்கும்போது அவர் விழித்துக்கொண்டு பதறிப்போனார்.

“மிஸ், ஃபைன் போட்டுடாதீங்க மிஸ்.”

“ஃபைன் இல்லண்ணே. ரொம்ப தேங்க்ஸ்.”

அவருக்கு அன்று முழுக்க ஒன்றும் விளங்கவில்லை. தப்பித்தோமே என்று மாதா கோவிலுக்குக் கட்டி வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழத்தை அவளிடம் கொடுத்தனுப்பினார்.

அந்த வாளிக் கொசுக்களுக்குப் பிறந்ததெல்லாம் ஆண். ஏதோ தப்பித் தவறி ஒன்றிரண்டு பெண். எண்ணியதில் பிசகு என்று நினைத்து மறுபடி வளர்த்தாள், மறுபடியும் ஆண். அவளுடைய மேலதிகாரி டாக்டர் அலெக்சாண்டர், “நீ சரியா எண்ணல, அல்போன்ஸ்” என்றார். திரும்பத் திரும்ப எண்ணினாள். அப்பனிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் அந்தக் குணம் இறங்கிக்கொண்டே போனது.

ஆனால் மகன்கள் மட்டும் இருந்தால் வம்சம் எப்படித் தழைக்கும்? ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு கூண்டிலிருந்து சாதாரணப் பெண் கொசுக்களைப் பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்து விட வேண்டும். பெண் பார்க்கும் படலம்தான், வேறென்ன. தனக்குக் கல்யாணம் ஆகாத நாற்பத்தொரு வயதுக்காரி, கொசுக்களுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அண்ணன் இஞ்ஞாசி மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்தவர்கள் அவள் இடது கையைப் பார்த்துவிட்டு, ஏதாவது தோல் வியாதியா என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணனும் விட்டுவிட்டார். அவள் வருத்தப்படவில்லை. கூண்டில் மருமகள்கள் ரத்தம் குடித்து வயிறு சிவந்து வலைத்துணியில் போய் உட்காருவதைப் பார்க்கும்போது அவளுக்கு மனசு நிறைந்துபோகும்.

டாக்டர் அலெக்சாண்டர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அதுதான் சங்கடமே. லூர்து மாதா கோவில் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. யாராவது செத்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். பல்கலைக்கழகத்தில் பரம்பரைக் குணங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். கொசு அறைக்கு மட்டும் அவ்வளவாக வரமாட்டார், கடித்தால் தடித்துவிடுமாம். பேரன் கொசுக்களும் ஆணாகவே பிறந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம கண்டுபிடிப்பு” என்றார். கொஞ்ச நாளில் அது “என் கண்டுபிடிப்பு” ஆனது. எழுபத்தாறில் லண்டனில் ஒரு மாநாட்டுக்கு அதைக் கொண்டுபோகக் கிளம்பினார்.

கிளம்புகிற அன்று நடைவழியில் நின்று, “கட்டுரை அச்சாகும்போது உன் பேரும் வரும். நான் பாத்துக்கறேன்” என்றார்.

அல்போன்சம்மாளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பி.எஸ்.சி. படித்தவள். பதவியின் பெயரோ உதவியாளர். சம்பளம் கூடவில்லை என்று அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்த வம்சம் தன் கையில் பிறந்தது என்று எங்காவது ஓர் இடத்தில் அச்செழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நடைவழி வார்த்தையை ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் லண்டனில் இருந்த வாரத்தில் ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மங்கல் வெளிச்சத்தில் ஒரு பெண் கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அசையாமல், தலையைச் சாய்த்து, ஏதோ பாட்டுக் கேட்கிற மாதிரி. ஒரு நிமிஷம் அல்போன்சம்மாளுக்குத் தன்னையே வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கிட்டே போனால், டாக்டரின் மனைவி ஆனி. நாலு மாதம் கர்ப்பம்.

“ஆனி, என்ன காரியம் செய்யுறே?”

“கொஞ்சம் பொறுங்கக்கா. இன்னும் நாலஞ்சு கடிச்சிக்கட்டும்.”

அல்போன்சம்மாள் அவள் கையை மெதுவாக வெளியே எடுத்தாள். பயப்பட ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்து அந்த அறையைத் தாண்டாத கொசுக்கள், ஒரு நோயும் கிடையாது. ஆனாலும் கூண்டின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

“அவருதான்க்கா சொன்னாரு, இந்தக் கொசுங்களுக்கு ஆம்பளப் புள்ளதான் பொறக்குமாம்ல. அப்ப அதுங்க உடம்புல ஏதோ இருக்குதானே? கடிச்சா மலேரியா ஒட்டுது, டெங்கி ஒட்டுது. நல்லது மட்டும் ஒட்டாதா?”

வேறு யாராவது சொல்லியிருந்தால் அல்போன்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆனியின் முகம் அப்படி இருந்தது.

“ரெண்டும் பொண்ணு. இது மூணாவது. ரெண்டோட நிறுத்துங்கன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கான். கிளினிக்குல நர்ஸ் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டா. இதோட எனக்கு முடிஞ்சிச்சு, அடுத்த சான்ஸ் கெடையாது. அத்தை தெனம் சொல்றாங்க, உன் வயித்துல பொண்ணத் தவிர ஒண்ணும் வெளையாதுன்னு. விருந்தாளி வந்தாலும் சொல்றாங்கக்கா.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பேப்பர் படிச்சிக்கிட்டிருப்பாரு.”

அல்போன்சம்மாளின் நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கோ, எல்லாம் நல்லபடியா நடக்கும். அதைச் சொல்லி அனுப்பிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. உண்மையைச் சொன்னால் டாக்டர் வீடு ரெண்டுபடும். சொன்னது யார் என்று தெரிந்தபிறகு அவர் கட்டுரையில் இவள் பெயரைப் போட்டுவிடுவாரா? போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இத்தனை வருஷம் பொறுத்தவள் இன்னும் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? இப்படியெல்லாம் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அறையில் ரீங்காரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனியின் கையில் கொசு கடித்த இடமெல்லாம் சிவப்பு சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் கையை விட்டுக்கொண்டு நின்றாளோ, பாவி மகள்.

“ஆனி, இங்க வா. ஆணா பொண்ணான்னு பொம்பளைங்க தீர்மானிக்கிறது இல்ல. அது ஆம்பளகிட்டேருந்து வருது. மனுஷனுக்கும் அப்படித்தான், இந்தக் கொசுவுக்கும் அப்படித்தான். உன் கையில கடிச்சாளுங்களே, அவளுங்க எல்லாம் சாதாரணப் பொண்ணுங்க, நான் வேற கூண்டுலேருந்து கொண்டாந்து விட்டவளுங்க. ஆம்பளப் புள்ள பொறக்குற சமாச்சாரம் அவளுங்க புருஷன்கிட்ட இருக்கு. உன் வயித்துல இருக்குறது என்னன்னும் எப்பவோ முடிவாயிடுச்சு. அதுல உன் தப்பும் இல்ல, உன் சாமர்த்தியமும் இல்ல.”

ஆனி கூண்டை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“இது அவருக்குத் தெரியுமாக்கா?”

அல்போன்சம்மாள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் பாதி உண்மை சொல்லி என்ன பிரயோஜனம்?

“செகண்ட் இயர் பசங்களுக்கு வருஷா வருஷம் அவருதான் நடத்துறாரு.”

ஆனி அழவில்லை. “பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு” என்று மட்டும் சொன்னாள். “அத்தை பேசுறப்ப எல்லாம், பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருப்பாரு.” பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு போனாள்.

டாக்டர் திரும்பி வந்த இரண்டாம் நாளே கொசு அறை வாசலில் வந்து நின்றார்.

“ஆனிகிட்ட என்ன சொன்னே?”

“உங்க செகண்ட் இயர் பாடத்த, டாக்டர்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு வேலை சம்பந்தமாக மட்டும்தான் பேச்சு.

மூன்றாவதும் பெண் குழந்தைதான். ஞானஸ்நானத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து கட்டுரையின் அச்சுப்படி, பிழை திருத்தி அனுப்பச் சொல்லி வந்தது. எண்களைச் சரிபார்க்கச் சொல்லி டாக்டர் தாள்களை அல்போன்சம்மாளிடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை தபாலில் போயாக வேண்டும். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர், டாக்டருடையது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடியெழுத்தில் ஒரு வரி, கொசுக்களுக்கு உணவளித்த உதவியாளருக்கு நன்றி. அவள் எண்களையெல்லாம் சரிபார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. அவள் எண்ணிய எண்களாயிற்றே, எப்படி இருக்கும்? வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்குக் கண் கரித்தது. எங்கே இறங்கினாள், எப்படி மாடியேறினாள் என்றுகூட நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் விருந்து. பிரியாணி வாசனையும் பண்டோங் பானத்தின் ரோஜா வாசனையும் கலந்து அடித்தன. டாக்டரின் அம்மா அந்தோனியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், “மூணாவதும் இப்படித்தான். எம்மவனுக்குக் குடுத்துவைக்கல. மண்ணு அப்படி” என்று மருமகள் பக்கம் தாடையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆனி பரிமாறுவதை நிறுத்தினாள். குரல் உயரவில்லை. ஆனால் மண்டபத்துக்கே கேட்டது.

“என்னங்க, காலேஜ்ல நடத்துற பாடத்த அத்தைக்கும் ஒரு தடவ நடத்துங்களேன்.”

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்துச் சிவந்தது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“அம்மா, ஆணா பொண்ணாங்கிறது ஆம்பளைய வெச்சுத்தான். மூணும் பொண்ணுன்னா அது என்கிட்டேருந்து வந்தது. ஆனி மேல ஒரு கொறையும் இல்ல. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

பிறகு யாரோ ஒரு பெரியவர், “எவ்வளவு பெரிய மனசு பாருங்க” என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் வந்து டாக்டரின் கையைக் குலுக்கினார். அந்தோனியம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்ப இத்தன நாளு நீதானா?” என்று கேட்டார். சிரிப்பு கிளம்பியது. ஆனி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அல்போன்சம்மாளுக்கு நம்பிக்கை வந்தது. உண்மையைச் சொல்ல இவருக்கு வருகிறதே. இன்றைக்கு வந்துவிட்டது, இதோடு இதாகத் தன் பெயரும் வந்துவிடும். பெரியவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவள் டாக்டரிடம் போனாள்.

“டாக்டர், சொல்ல வேண்டியது இன்னொண்ணும் இருக்குல்ல?”

“எது, அல்போன்ஸ்?”

அவள் அவர் கண்களைப் பார்த்தாள். அவற்றில் கள்ளம் இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் அவர் மறைக்கிறார் என்று நினைத்திருந்தாளே, அதுதான் தப்பு. மறைக்கிறவருக்கு நினைவாவது இருக்கும். இவருக்கு மறந்தே போய்விட்டது. “ஒண்ணுமில்ல டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். செராங்கூன் ரோடு வழியாக நடந்தாள். கடை விளக்குகளும் மல்லிகைச் சரங்களும் ஜனங்களும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் அசைகிற மாதிரி தெரிந்தன. தான் இருக்கிறோமா இல்லையா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் கோட்டின் கையைச் சுருட்டவில்லை.

புது மருமகள்கள் கூண்டுக்குள் பசியோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையே ரத்தம் கொடுத்திருக்க வேண்டும், தாள்களைப் பார்த்த வேகத்தில் விட்டுப்போயிற்று. இன்றும் கொடுக்காவிட்டால் முட்டை இல்லை. ஆண் கொசுக்கள் ஏற்கெனவே கிழடுதட்டிக்கொண்டிருந்தன, முட்டை இல்லாவிட்டால் வம்சமே இல்லை. கூண்டைப் பார்க்க அவளால் முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிமிஷமும் கை தானாக எழுந்தது. அதை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தாள்களை வாங்கிப்போக வந்தார். ரீங்காரத்தைக் கேட்டு நின்றார்.

“கூண்டுக்குக் கை குடுக்கலியா?”

“இல்ல டாக்டர்.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“உதவியாளர்னுதானே போட்டிருக்கீங்க. பேரில்லாத கை யாரோட கையா இருந்தா என்ன? யாரு வேணும்னாலும் குடுக்கலாம்.”

அவருக்குக் கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று தெரியவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். சட்டைக் கையை மடித்தார். “சரி, நானே குடுக்கறேன்” என்று கையை உள்ளே விட்டார். பட்டினி கிடந்தவர்கள் மொத்தமாக வந்து இறங்கினார்கள். அவருக்கு முகம் சுருங்கியது, கையை வெடுக்கென்று இழுக்கப்போனார்.

“இழுக்காதீங்க, நசுங்கிடும்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். “இப்படியா வலிக்கும்?”

“உங்க கை எனக்கு வேண்டாம் டாக்டர். என் பேர் வேணும்.”

சொல்லிவிட்டாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு நிற்கவில்லை. மாணிக்கத்தின் வாளியில் ஆரம்பித்து, ஊற்றாதீர்கள் என்று தெருவில் ஓடியது, தப்பாக எண்ணினாய் என்று அவர் சொன்னது, மறுபடி மறுபடி எண்ணியது, ஒவ்வொரு தலைமுறைக்கும் பெண் தேடியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எங்கேயும் போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். மங்கல் விளக்கில் கொசுக்கள் ஒன்றொன்றாக வயிறு சிவந்து அவர் கையிலிருந்து எழும்பிப் போயின. அவள் பேசி முடித்தபோது இரண்டு மூன்றுதான் மிச்சம்.

டாக்டர் தன் கையைப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “பூக்கட வாளி. பாட்டில கொண்டாந்து என் மேசையில வெச்சே. உன் தலையில மல்லியப்பூ இருந்துச்சு. நான் எப்படி…” அவர் அதை முடிக்கவில்லை.

கையை வெளியே எடுத்தார். தடித்து வீங்கத் தொடங்கியிருந்தது. தாள்களைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, தலைப்புக்குக் கீழே இருந்த தன் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரைச் செருக ஒரு கோடு போட்டார். அங்கே எழுதப்போனவர் நிறுத்தினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“அல்போன்ஸ், உன் இனிஷியல் என்ன?”

அவள் அவரையே பார்த்தாள். எத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரே பூசை, ஒரே திருவிருந்து. சந்தோஷம் வந்தது, பொய்யில்லை. கூடவே ஒரு துக்கமும் வந்தது. இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“எஸ்” என்றாள். “எஸ். அல்போன்சம்மாள். எங்கப்பா பேரு சுவிசேஷமுத்து.”

அவர் எழுதி முடிக்கிற வரை அவள் பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.